வீட்டிலேயே பிரிண்ட் போடலாமா, லேபில் கொடுக்கலாமா? குமுளி, கம்பம் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமுளி, வண்டிப்பெரியாறு, சக்குபள்ளம், மலை இறங்கினால் கூடலூர், கம்பம் என்று இந்தப் பகுதி விசேஷங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். சில படங்களை வீட்டு மெஷினில் நானே பிரிண்ட் போடுகிறேன், பெரியவை மதுரைக்கோ கோட்டயத்துக்கோ லேபுக்குப் போகின்றன. படம் வாங்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் நம் ஊர் மழையும் ஓதமும் படத்துக்குச் செய்வதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

வீடா, கடையா? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

இரண்டு விஷயம் தெரிந்தால் சொல்லிவிடலாம். வாரத்துக்கு எத்தனை பிரிண்ட் போடுவீர்கள்? அந்தப் படம் எத்தனை வருஷம் இருக்க வேண்டும்? பிள்ளைகளின் பள்ளி வேலை, கடை விளம்பரம், அடையாள அட்டை, நண்பர்களுக்குக் கொடுக்கும் சின்னப் படங்கள் என்று வாரம் தவறாமல் வேலை இருந்தால் வீட்டில் மெஷின் வைக்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஓணத்துக்கும் பொங்கலுக்கும் எடுத்த படங்களைப் போட மட்டும் என்றால் வாங்காதீர்கள். கல்யாணம், பெரியவர்களின் படம், குழந்தையின் முதல் படம் ஆகியவற்றை, வீட்டில் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும், வெள்ளி உப்புப் பேப்பரில் (அது என்னவென்று அடுத்த பதிலில் சொல்கிறேன்) போடும் லேபில் கொடுங்கள் என்பதுதான் என் கருத்து.

கடை பிரிண்டும் வீட்டு பிரிண்டும் உண்மையிலேயே வேறு வேறா? பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது?

பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம், உள்ளே நடப்பது வேறு. மூன்று முறைகள் இங்கே புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, பெரிய லேப்களில் இருக்கும் ரசாயன முறை. வெள்ளி உப்பு பூசிய பேப்பர் சுருளின் மேல் சிவப்பு, பச்சை, நீல லேசர் ஒளியால் படத்தை எழுதுவார்கள். அப்புறம் அந்தப் பேப்பர் டெவலப்பர், பிளீச்-ஃபிக்ஸ், அலசும் தொட்டி எல்லாம் கடந்து உலர்ந்து வெளியே வரும். இந்த ரசாயன வரிசைக்கு ஆர்ஏ-4 என்று பெயர். ஃபிலிம் காலத்தில் ‘படம் கழுவி வாங்குவது’ என்று சொன்னோமே, அதன் தொடர்ச்சிதான் இது. ஃபிலிமுக்குப் பதில் மெமரி கார்டு வந்திருக்கிறது, பேப்பரின் வேதியியல் பெரிதாக மாறவில்லை. நிறம் பேப்பரின் மேல் உட்காராமல் ஜெலட்டின் படலத்துக்குள்ளேயே உருவாகிறது. அதனால் காற்று அதைச் சுலபமாகத் தொட முடியாது.

இரண்டாவது, சின்ன ஸ்டுடியோக்களில் மேஜை மேல் இருக்கும் ரிப்பன் மெஷின். மஞ்சள், மெஜந்தா, சியான் சாயங்களை ஒவ்வொன்றாகச் சூட்டால் பேப்பருக்குள் ஏற்றி, கடைசியில் தெளிவான ஒரு பாதுகாப்புப் படலம் போடும். அதனால்தான் பேப்பர் மூன்று நான்கு தடவை உள்ளே போய் வெளியே வருகிறது. வெளியே வந்ததும் தொடலாம், தண்ணீர் பட்டாலும் கரையாது. ‘ஐந்து நிமிஷத்தில் போட்டோ’ என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் அதிகம் இருப்பது இதுதான். இதே முறையில் வீட்டுக்கும் சின்ன மெஷின்கள் உண்டு, கேனனின் செல்ஃபி அந்த வகை.

மூன்றாவது, நுண்ணிய துளைகள் வழியாக இங்க்கைத் தெளிக்கும் இங்க்ஜெட். நம் வீட்டு மெஷின் பெரும்பாலும் இதுதான். இப்போது லேப்களிலும் ரசாயனத் தொட்டியை எடுத்துவிட்டு, ‘ட்ரை லேப்’ என்று பெரிய இங்க்ஜெட் மெஷின் வைக்கிறார்கள். ஆகவே கடையில் போட்டால் கட்டாயம் கழுவிய படம்தான் என்று நினைக்க வேண்டாம்.

எந்த முறையில் போட்டது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

கேட்பது சுலபமான வழி. நல்ல கடைக்காரர் மறைக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்து, முகத்தின் கன்னத்தைப் பாருங்கள். நுண்ணிய புள்ளிகள் சிதறிக் கிடந்தால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் வழவழவென்று நிறம் மாறினால் மற்ற இரண்டில் ஒன்று.

வீட்டுக்கு மெஷின் வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

ஆறு நிற இங்க் இருக்கிறதா என்று பாருங்கள். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற வழக்கமான நான்கு நிறத்தோடு வெளிர் சியானும் வெளிர் மெஜந்தாவும் சேர்ந்த மெஷினில் முகத்தின் வெளிச்சமான பகுதிகள் புள்ளி தெரியாமல் வரும். எப்சனின் எல்805, அதற்குப் பின் வந்த எல்8050 எல்லாம் அந்த ரகம். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் கேரளத்தின் அக்ஷயா என்ற இணையச் சேவை மையங்களுக்குப் பக்கத்துக் கடைகளிலும் இவற்றைப் பார்த்திருப்பீர்கள்.

நான்கு நிற மெஷின்களில் ஒரு சிக்கல். பலவற்றில் கறுப்பு மட்டும் எழுத்துக்கான பிக்மென்ட் இங்க், அதாவது கரையாத நுண்துகள் கலந்த இங்க். பளபளப்பான போட்டோ பேப்பரில் அது ஒட்டாது என்பதால், மற்ற மூன்று நிறத்தைக் கலந்தே மெஷின் கறுப்பை உண்டாக்கும். தலைமுடியும் நிழலும் பழுப்போ பச்சையோ கலந்து தெரிவது அதனால்தான். பிரிண்டரைத் திட்டுவதற்கு முன் அது எந்த வேலைக்குச் செய்த மெஷின் என்று பார்க்க வேண்டும். பில்லும் பாடமும் பிரிண்ட் போட அது நன்றாகவே உழைக்கும்.

வீட்டில் போட்டால் மலிவு என்கிறார்களே?

பேப்பரும் இங்க்கும் மட்டும் கணக்குப் போட்டால் மலிவுதான். மெஷினையும் சேர்த்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 24,000 ரூபாய் மெஷின் 4 வருஷம் உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 500 ரூபாய் ஆகிறது. மாதம் 250 படம் போடும் வீட்டில் ஒரு படத்தின் தலையில் 2 ரூபாய்தான் ஏறும். மாதம் 20 படம் போடும் வீட்டில் 25 ரூபாய் ஏறும், அதன் மேல் பேப்பரும் இங்க்கும் வேறு. கெட்டுப்போகும் பிரிண்டுகளையும் சேருங்கள், வீட்டில் அது கட்டாயம் இருக்கும். உங்கள் கடைக்காரர் ஒரு படத்துக்கு என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ரிப்பன் மெஷினில் கணக்கு வேறு. இருட்டுப் படமோ வெளிச்சப் படமோ, ஒரு தாளுக்கு ஒரு பங்கு ரிப்பன் செலவாகும். அதனால் எப்போதும் ஒரே விலை. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அடைத்துக்கொள்ள அதில் இங்க் இல்லை. எப்போதாவது மட்டும் பிரிண்ட் போடுகிற, ஆனால் கட்டாயம் வீட்டிலேயே வேண்டும் என்கிற குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். 4க்கு 6 அங்குலத்துக்கு மேல் பெரிதாகப் போட முடியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் போய்விட்டு வந்தால் பிரிண்டில் கோடு கோடாக விழுகிறது. ஏன்?

இங்க் தெளிக்கும் பகுதியான ஹெட்டில் இங்க் காய்ந்து அடைத்திருக்கிறது. மெஷினிலேயே இருக்கும் நாசில் செக் என்ற சோதனைப் பிரிண்ட் போட்டுப் பாருங்கள், எந்த நிறத்தில் கோடு விட்டிருக்கிறது என்று தெரியும். ஹெட் கிளீனிங் இரண்டு தடவை கொடுத்தும் சரியாகவில்லை என்றால், நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டு மறுநாள் பாருங்கள். விடாமல் கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருந்தால் இங்க் எல்லாம் அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போகும். அது நிறைந்துவிட்டதாக மெஷின் கணக்குப் போட்டுவிட்டால் சர்வீஸ் பார்க்காமல் ஓடாது.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு, கரண்ட். ஜூன், ஜூலையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும், காயும். மழைக்காலத்தில் மெஷினுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வையுங்கள். வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை அப்படியே அணைக்காமல், முதலில் மெஷினின் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும்.

எந்தப் பேப்பர் வாங்குவது? கடையில் பத்து வகை காட்டுகிறார்கள்.

கனத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 180 ஜிஎஸ்எம், 230, 270 என்று எழுதியிருப்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடைதான். முக்கியம் மேல் பூச்சும் அடித்தாளும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் போட்ட ‘ரெசின் கோட்டட்’ பேப்பரைக் கேட்டு வாங்குங்கள். கழுவிய படம் போலக் கையில் விறைப்பாக நிற்கும். மலிவான பளபளப்புப் பேப்பரில் அந்தப் படலம் இருக்காது. பின்பக்கம் சாதாரண அட்டை போலத் தெரியும், ஈரம் குடிக்கும், அலை அலையாக வளையும்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். ஆடி மழையில் குமுளியில் பேப்பர் கட்டைத் திறந்து ட்ரேயில் வைத்து இரண்டு நாள் விட்டால் தாள் தொய்ந்துவிடும், இரண்டு தாள் சேர்ந்து உள்ளே இழுக்கும், இங்க் காய நேரமெடுக்கும். கம்பத்தில் கோடையில் இதற்கு நேர்மாறாக, தாள் பூச்சுப் பக்கமாகச் சுருளும், ஹெட் உரசி ஓரத்தில் கறை விழும். இரண்டு ஊருக்கும் வைத்தியம் ஒன்றுதான். வேண்டிய தாளை மட்டும் எடுத்துவிட்டு மீதியை ஜிப் கவரில் மூடுங்கள், சிலிக்கா ஜெல் பை ஒன்றும் உள்ளே போடுங்கள்.

பேப்பர் வகையை மெஷினிலும் சொல்ல வேண்டும். போனிலிருந்து நேரே பிரிண்ட் கொடுக்கும்போது பல தடவை ‘பிளெய்ன் பேப்பர்’ என்றே இருக்கும். நல்ல போட்டோ பேப்பரை வைத்து அப்படிக் கொடுத்தால் படம் சாம்பல் பூசினாற்போல வரும். நிறைய பேர் பேப்பர் மட்டம் என்று நினைப்பது இந்த ஒரு அமைப்பினால்தான்.

கடையில் கொடுத்தால் எங்கள் முகமெல்லாம் வெளுத்து வருகிறது. வீட்டில் போட்டால் சரியாக வருகிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன்.

லேப் மெஷினில் தானாகத் திருத்தும் மென்பொருள் இருக்கிறது. படம் மொத்தத்தையும் ஒரு சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த முகம் நெருக்கமாகத் தெரியும் படத்தை அது ‘இருட்டாக எடுத்த படம்’ என்று எடுத்துக்கொண்டு தூக்கிவிடும். அதற்கு மேல் ஆபரேட்டரின் கை வேறு. வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று நினைத்துக் கன்னத்தை வெளுப்பாக்கி, தோலின் கோடுகளை அழித்துவிடுவார்கள். கேட்டுச் செய்வதில்லை, பழக்கமாகவே செய்கிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1950களில் தொடங்கி, கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ‘ஷெர்லி கார்டு’ என்ற மாதிரிப் படங்களை அனுப்பிவந்தது. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று நிறத்தை நிர்ணயித்தார்கள். பல நிறத்தவர் சேர்ந்த மாதிரி அட்டைகள் 1990களில்தான் வந்தன. உலகம் முழுக்க நம்மைப் போன்றவர்களின் முகம் அதுவரை இன்னொருவர் முகத்தை அளவாக வைத்தே அச்சாகியிருக்கிறது.

முப்பது வருஷம் தேயிலைக் காட்டில் வெயிலிலும் மழையிலும் கொழுந்து கிள்ளிய அம்மாவின் முகம் அந்த அம்மாவின் முகமாகத்தான் சுவரில் இருக்க வேண்டும். அந்த நிறமும் கண்ணோரச் சுருக்கமும் அவருடையவை. பேரப்பிள்ளைகள் நாளை பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான். அதனால் லேபில் கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: “கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்க.” கேரளப் பக்கத்துக் கடையானால் “கரெக்‌ஷன் வேண்டா சேட்டா, அங்ஙனே தன்னெ மதி” என்று சொன்னால் போதும். கவரின் மேலும் எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் கவுன்டரில் வாங்குபவர் ஒருவர், மெஷினில் உட்காருபவர் வேறொருவர்.

வீட்டில் போடுவதன் பெரிய லாபம் இதுதான். நிறத்தைத் தீர்மானிப்பது நீங்கள். ஆனால் போன் கேமராவில் ‘பியூட்டி’ அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் படம் எடுக்கும்போதே வெளுப்பாக்கிவிடும், பிறகு எந்த மெஷினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

போனில் பளபளவென்று இருக்கிற படம் பிரிண்டில் இருட்டாக இருக்கிறதே?

போன் திரை தானே ஒளி விடுகிறது, பேப்பர் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி மட்டும் அனுப்புகிறது. திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு படத்தைப் பாருங்கள், பிரிண்ட் ஏறக்குறைய அப்படித்தான் வரும். இருட்டாகத் தெரிந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டிவிட்டுக் கொடுங்கள். பிரிண்டை டியூப்லைட் அடியில் பார்த்து முடிவு செய்யாமல் காலையில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாகப் போடலாமா?

வழக்கமான முறையில் அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 4க்கு 6 அளவுக்கு அது போதும், அங்குலத்துக்கு 267 பிக்சல் வருகிறது. அதையே 12க்கு 18 போட்டால் அங்குலத்துக்கு 89தான், முகம் குழைந்து தெரியும். அனுப்புகிறவரிடம் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். துபாயிலோ திருப்பூரிலோ இருக்கும் தம்பியிடம் கேட்பதற்கு ஒரு போன்தான் செலவு.

பொதுக் கணக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். 8க்கு 12 படத்துக்கு 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படம் தாராளமாகத் தாங்கும்.

பிரிண்டில் ஓரத்தில் நின்ற மாமாவின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. கடைக்காரர் தப்பா?

இல்லை. போன் படம் 4க்கு 3 என்ற விகிதம், 4க்கு 6 பேப்பர் 3க்கு 2. நிரப்பிப் போட்டால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்பட்டே தீரும். குடும்பப் படம் எடுக்கும்போது தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விட்டு எடுங்கள். எடுத்தாகிவிட்டதென்றால், வெள்ளை ஓரம் விட்டு முழுப் படமாகப் போடச் சொல்லலாம்.

பாஸ்போர்ட் அளவுப் படம் வீட்டிலேயே போடலாமா?

போடலாம். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் ஒரு 4க்கு 6 தாளில் எட்டு அடங்கும். பான் அட்டைக்கு 25க்கு 35 மில்லிமீட்டர், அமெரிக்க விசாவுக்கு 2க்கு 2 அங்குலம். பிரிண்ட் கொடுக்கும்போது ‘ஆக்சுவல் சைஸ்’ என்று வைக்காவிட்டால் மெஷின் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்கும், அளவு தவறும். பாஸ்போர்ட்டுக்கே என்றால் பெரியவர்களுக்குச் சேவா கேந்திரத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள், 4 வயதுக்குக் கீழான குழந்தைக்குத்தான் வெள்ளைப் பின்னணியில் படம் கொண்டுபோக வேண்டும். விசா வேலைக்கு நான் ஸ்டுடியோவைத்தான் சொல்வேன். நிழல் விழாத வெளிச்சம் அங்கே இருக்கிறது, வீட்டுச் சுவருக்கு முன்னால் அதைக் கொண்டுவருவது சிரமம்.

கேரளக் கடையில் படத்தின் மேல் தமிழ்ப் பெயர் போடச் சொன்னால் எழுத்து உடைகிறது. என்ன செய்வது?

காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று படத்தில் எழுத்து வேண்டிய சமயம் நிறைய. கடைக்காரர் மலையாள எழுத்துரு மட்டும் வைத்திருப்பார், அல்லது பழைய ஃபோட்டோஷாப்பில் இந்திய மொழிகளைச் சேர்த்துக் கோக்கும் வசதி இயக்கப்பட்டிருக்காது. கொம்பும் காலும் பிரிந்து, ‘பொன்னம்மாள்’ என்ற பெயர் துண்டு துண்டாக விழும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அது தப்பென்றே தெரியாது. இறந்தவரின் பெயர் அப்படித் தப்பாகச் சுவரில் ஏறுவது வருத்தமான விஷயம்.

எழுத்தை நீங்களே போனில் ஏதாவது வடிவமைப்புச் செயலியில் படத்தோடு சேர்த்து, ஒரே ஜேபெக் படமாக்கிக் கொடுங்கள். படமாகிவிட்ட எழுத்தை எந்த மெஷினும் உடைக்காது. அல்லது மலை இறங்கிக் கம்பத்தில் கொடுங்கள். இரண்டிலும் பிரிண்டுக்கு முன் மாதிரியைப் பார்த்து, தேதியையும் பெயரையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

பாட்டியின் படம் ஒன்றே ஒன்று, ஸ்டாம்ப் அளவில் இருக்கிறது. பெரிதாக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். போனில் படமெடுக்காமல், ஸ்கேனரில் 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று வைத்து ஸ்கேன் செய்யுங்கள். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் ஏறக்குறைய 1650க்கு 2120 பிக்சலாகக் கிடைக்கும், 8க்கு 10 அங்குலப் படமாகப் போட்டால் அங்குலத்துக்கு 200 பிக்சலுக்கு மேல் வரும். அதற்கு மேல் கூட்டினால் பேப்பரின் கீறலும் நாரும்தான் பெரிதாகும். இதை லேபில் பளபளப்பில்லாத மேட் பேப்பரில் போடச் சொல்லுங்கள், குறை குறைவாகத் தெரியும்.

சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள்.

ஏஐ செயலியில் போட்டு ‘தெளிவாக்கி’ வாங்கிவருகிறவர்கள் இப்போது அதிகம். மங்கிய இடத்தில் அது கண்ணையும் உதட்டையும் தானாக வரைந்து நிரப்புகிறது. பார்க்கத் துல்லியமாக இருக்கும், பாட்டியாக இருக்காது. கீறலையும் கறையையும் எடுக்கப் பயன்படுத்துங்கள். முகத்தைத் தொட்டால், பாட்டியைப் பார்த்தவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பிரிண்ட் போடுங்கள்.

படங்களில் பூசணம் பிடிக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

கழுவிய படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது முளைக்கத் தொடங்கும். நம் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். ஆகவே ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில், துணிக்கு அடியில் வைக்காதீர்கள். உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து உயரத்தில், மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். தை, மாசியில் காற்று காய்ந்திருக்கும்போது ஆல்பத்தை வெளியே எடுத்து நிழலில் பிரித்து வையுங்கள், வெயிலில் வேண்டாம். பூசணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைத்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும். முதலில் உலரவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.

ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள பழைய ஆல்பங்களில் படத்தை விட்டு வைக்காதீர்கள், பசை மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும். மெத்தென்ற பிவிசி கவர்களில் ரிப்பன் மெஷின் படங்களை வைத்தால் சாயம் கவருக்கு மாறிவிடும். பாலிபுரோப்பிலீன் கவர் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டு இங்க்ஜெட் படத்துக்குப் பூசணத்தை விடக் காற்றுதான் பெரிய எதிரி. கரைந்த சாயமான சாதாரண டை இங்க்கில் போட்டு, கண்ணாடி இல்லாமல் சுவரில் ஒட்டினால், காற்றில் இருக்கும் ஓசோன் முதலில் ஒரு நிறத்தைத் தின்னும், படம் செம்மையாகவோ பச்சையாகவோ திரும்பும். விலை குறைந்த இங்க்கில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கண்ணாடிக்குள் போட்டால் பல மடங்கு அதிக நாள் தாங்கும்.

சட்டம் போடும்போது கவனிக்க வேண்டியது?

படமும் கண்ணாடியும் ஒட்டக்கூடாது. நடுவில் ஓர் அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள், மாலை போடும் படத்துக்கு இது கட்டாயம். வீட்டில் போட்ட பிரிண்டை ஒரு நாள் முழுக்கத் திறந்த இடத்தில் உலர்த்திவிட்டுச் சட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் இங்க்கில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் படியும். சட்டத்தை ஓதம் ஏறும் சுவரில் மாட்டுவதானால் பின்பக்க மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டி, காற்றோட இடைவெளி விடுங்கள்.

லேமினேஷன் நல்லதா?

அடையாள அட்டைக்கு நல்லது. அசல் பழைய படத்துக்கு ஒருபோதும் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

கல்யாண ஆல்பம் வீட்டில் செய்யலாமா?

வேண்டாம். 12க்கு 36 அங்குல விரிப்பு, பைண்டிங், கிழியாத ஷீட் எல்லாம் லேப் வேலை.

புது லேப் ஒன்றை நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது?

நூறு படம் கொடுப்பதற்கு முன் நான்கு படம் கொடுங்கள். உங்கள் வீட்டில் நிறம் கறுத்தவரும் வெளுத்தவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று, மணப்பெண்ணின் சிவப்புப் பட்டு மாதிரி அழுத்தமான நிறம் உள்ள படம் ஒன்று, வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர், ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொன்றையும் திருத்தம் இல்லாமல் கேளுங்கள். சிவப்புப் பட்டில் ஜரிகையும் மடிப்பும் தெரிய வேண்டும், ஒரே சிவப்புப் பட்டையாக இருக்கக்கூடாது. வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ ஊதாவோ கலந்திருந்தால் அன்று அந்த மெஷினின் ரசாயனமோ அளவீடோ சரியில்லை. முதல் படத்தில் இருவரும் அவரவர் நிறத்திலேயே நின்றால் அந்தக் கடையில் மீதிப் படங்களைக் கொடுங்கள். இதே நான்கு படங்களை உங்கள் வீட்டு மெஷினிலும் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்த வேலையை எங்கே செய்வது என்று அவையே காட்டிவிடும்.